சுருட்டுக்கு ஜோடி பீர்தான்

கடலூருக்குத் தெற்கே எங்கள் ஊர் எல்லையில் ஒரு முனீஸ்வரன் இருக்கிறார். ஆடி மாதம் படையல் போடும்போது கறிச்சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை என்று இலை நிறைந்த பிறகு கடைசியில் ஒரு கட்டுச் சுருட்டும் ஒரு பாட்டிலும் வந்து உட்காரும். தாத்தா ஒரு சுருட்டைப் பற்றவைத்து சாமிக்கு முன்னால் இருக்கிற கல்லில் வைப்பார். யாரும் இழுக்காமலே அது கொஞ்ச நேரம் கனிந்துகொண்டிருக்கும், புகை வேப்பமரத்துக் கிளைக்குள் போய்க் கலையும், நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். "சாமி குடிக்குது, சத்தம் போடாத" என்பாள் ஆயா. சுருட்டு மணம் என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கல்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் சுருட்டு பிடிப்பேன், அதோடு பீர் குடிப்பேன், அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் "இது வெள்ளைக்காரன் பழக்கமாச்சே, உனக்கு எங்கிருந்து வந்தது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். புகையையும் மதுவையும் ஒரே இலையில் வைப்பதை எங்கள் ஊரில் யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தரவில்லை. இலை என்னவோ அமெரிக்கக் கண்டத்து இலைதான், போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது நம்முடைய சுருட்டு. சுருட்டுவதால் சுருட்டு. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையை உறையூரில் சுருட்டி, திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்ற பெயரில் லண்டன் வரைக்கும் கப்பலில் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இலை அங்கிருந்து வந்தது, பெயர் இங்கிருந்து போனது. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடும் பென்ஷனோடும் இருக்கிற தமிழர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் பணிக்காலம் முடிந்தும் பாதி வருஷம் பிரான்ஸில் துலோன் நகரத்தில் இருப்பார், குளிர் ஆரம்பித்ததும் குருசுக்குப்பத்தில் இருக்கிற வீட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது பெரியம்மாவுக்கு சென்ட், எங்களுக்குச் சாக்லேட், தனக்கு ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்கப் பழைய அலமாரியும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசனை வரும். நான் காலேஜ் முடித்து வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கி ஒரு வேட்டி எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போன அன்றைக்குத்தான், மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "வா தம்பி, உக்காரு" என்று பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

அன்றைக்கு அவர் சொன்ன முதல் பாடம் உள்ளே இழுக்காதே என்பது. "வாய்லயே வை. ருசி பாரு. விட்டுடு. அவ்ளோதான்." சிகரெட் பழகியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். சுருட்டுப் புகையில் காரத்தன்மை அதிகம், அதனால் நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும், நுரையீரல் வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவது பாடத்தை நானே பட்டுத்தான் கற்றேன். மத்தியானம் சாப்பிடாமல் போயிருந்தேன். பாதிச் சுருட்டு தாண்டியதும் நெற்றியில் வேர்வை, வயிற்றில் ஒரு புரட்டல், கைப்பிடிச் சுவர் லேசாக ஆடுவது மாதிரி இருந்தது. பெரியம்மா ஓடிவந்து ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டு, ஒரு சொம்பு நீர்மோர் கொடுத்து, பெரியப்பாவைத் திட்டித் தீர்த்தாள். இதற்குச் சர்க்கரைதான் மருந்து என்பார்கள். வெறும் வயிற்றில் சுருட்டைத் தொடாதீர்கள், முதல்முறை என்றால் நிச்சயமாகத் தொடாதீர்கள்.

அப்புறம் அவர் கையால் ஒரு சுருட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நீளநீளமாக மடித்த இலைகள், அதுதான் ஃபில்லர். அதை இறுக்கிப் பிடிக்கிற ஒரு முரட்டு இலை, பைண்டர். மேலே பட்டுத்துணி மாதிரி ஒரே ஒரு இலை, ராப்பர். மூன்றும் மூன்று விதமான இலை, பல நேரம் மூன்று நாட்டு இலை. செடியின் மேல்பகுதி இலைக்கு வெயில் அதிகம் படுவதால் காட்டம் அதிகம், அதை லிஹேரோ என்பார்கள். அடி இலை நன்றாக எரியும், காட்டம் குறைவு. காட்டத்தையும் எரியும் தன்மையையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதில்தான் சுருட்டுபவரின் மொத்தத் திறமையும் இருக்கிறது. கனெக்டிகட் என்று வெளிர்நிற ராப்பர் ஒன்று உண்டு. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நிழலுக்கு வைப்பது போல, அந்தச் செடிக்கு மேலே துணிப்பந்தல் போட்டு வளர்ப்பார்கள், இலை மெல்லிசாகவும் சாதுவாகவும் வரும். இன்னொரு பக்கம் மடூரோ. இலையைக் கட்டுக்கட்டாக அடுக்கிப் போர் போட்டுவிடுவார்கள். ஈரமான வைக்கோல் போருக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே என்ன சூடு இருக்கும் என்று. அதே சூடுதான். அந்தச் சூட்டில் இலையின் அமோனியா நெடி போய், கறுத்து, ஒரு தித்திப்பு வரும். கூடுதலாக நொதிக்கவிட்ட அந்தக் கறுத்த இலைதான் மடூரோ.

அளவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ரிங் கேஜ் என்று ஒரு எண் சொல்வார்களே, அது ஒரு அங்குலத்தை 64 பங்காகப் பிரித்த கணக்கு. ரோபஸ்டோ என்பது பொதுவாக 5 அங்குல நீளம், 50 ரிங், அதாவது முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் தடிமன். நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசந்துவிடும், மறந்துவிட்டால் அணைந்துவிடும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் படித்தவை எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலை சுருட்டு காய்ந்து போவது. நம்முடைய கவலை நேர்மாறானது. நான் அதைப் புரிந்துகொள்வதற்கு ஒரு பெட்டிச் சுருட்டை இழக்க வேண்டியிருந்தது.

பெரியப்பா காலமான பிறகு அவருடைய மரப்பெட்டியைப் பெரியம்மா என்னிடம் கொடுத்தாள். நானும் படித்தபடியே செய்தேன்: ஈரப்பதம் 70 சதவீதம் இருக்க வேண்டும், அதற்கு ஒரு பஞ்சில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி மூடிக்குள் வைக்க வேண்டும். வைத்தேன். அது ஐப்பசி மாதம். நான் இருக்கிற புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகையில் துணியே காயாது, அப்பளத்தை எடுத்து வெளியில் வைத்தால் பத்து நிமிஷத்தில் துவண்டுவிடும், கதவு உப்பிக்கொண்டு சாத்தாது. அந்தக் காற்றில் போய்ப் பெட்டிக்குள் தண்ணீரும் வைத்தால் என்ன ஆகும்? மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது ஏழெட்டுச் சுருட்டின் மேல் பச்சைப் பூசணம். மிச்சத்தைத் துடைத்து எடுத்து வைத்தேன். அது கத்திரி வெயில் வரைக்கும் தாங்கியது. மே மாதம் ஒருநாள் எடுத்துப் பார்த்தால் ராப்பரில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னத் துளைகள், தட்டினால் பொடி. புகையிலை வண்டு. முட்டை இலையிலேயே இருக்கும், வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டிப் போய் அப்படியே நின்றால் பொரித்து, புழு உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போய், கடைசியில் வண்டாகித் துளை போட்டு வெளியே வரும். இங்கே மார்கழிப் பகலே 25 டிகிரியைத் தாண்டிவிடும்.

அன்றைக்கு எனக்கு வந்த துக்கம் சுருட்டுக்காக மட்டும் இல்லை. அது பெரியப்பா வாங்கி வைத்த கடைசிப் பெட்டி.

இப்போது நான் செய்வது இதுதான், நம் கடலோர ஊர்க்காரர்கள் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். மரப்பெட்டியை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், கூடவே ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த போவேடா பொட்டலம் ஒன்று, 65 சதவீதத்துக்கானது. நம் சூட்டில் 70 எனக்கு அதிகமாகப் படுகிறது, சுருட்டு ஈரமாக இருந்தால் பற்றவே பற்றாது, பற்றினால் கோணலாக எரியும். டப்பாவை வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கு நான் ஒரு சின்ன ஒயின் ஃபிரிட்ஜில் 18 டிகிரியில் வைத்துவிடுகிறேன். புதிதாக வாங்கியதை ஜிப் பையில் காற்றுப்புகாமல் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒருநாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகு வெளியே. வண்டுக்கு அதோடு கதை முடிந்தது. ஈரப்பதம் காட்டுகிற ஹைக்ரோமீட்டர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு ஒரு பைக்குள் ஒருநாள் முழுக்க மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். எவ்வளவு கூடக்குறையக் காட்டுகிறதோ அதுதான் உங்கள் மீட்டரின் பிழை. உப்பளக் காற்றில் வளர்ந்தவன் நான், உப்பு ஈரத்தைப் பிடிக்கும் என்று ஆயாவின் உப்பு ஜாடியைப் பார்த்தே தெரியும், அதில் இப்படி ஒரு துல்லியமான கணக்கு இருக்கிறது என்பது தெரியாமல் போயிற்று.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். அந்த மரப்பெட்டி ஸ்பானிஷ் சீடர் என்ற மரத்தில் செய்தது. பெயர்தான் சீடர், தேவதாருவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, தாவர இயல்படி அது நம் வேம்பின் குடும்பம். முனீஸ்வரன் கோயில் வேப்பமரம் நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது.

இப்போது பீர். சுருட்டோடு என்ன குடிப்பது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் விஸ்கி என்பார்கள், மிச்சம் ஒருவர் ரம் என்பார். பெரியப்பாகூடக் கோன்யாக் பிராந்திதான். குளிர்காலத்துத் துலோனில் அது சரியாக இருக்கலாம். பங்குனி மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் மொட்டை மாடித் தளம் வெதுவெதுவென்று காலைச் சுடுகிற ஊரில், நாற்பது சதவீதச் சாராயத்தைத் தொண்டையில் இறக்கி, மேலே சூடான புகையையும் விட்டால், அரைமணி நேரத்தில் நாக்கு மரத்துவிடும். அதற்கப்புறம் ஆயிரம் ரூபாய்ச் சுருட்டுக்கும் பத்து ரூபாய்ச் சுருட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சுருட்டு வாயை உலர்த்தும், நாக்கின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம் போடும். அதைக் கழுவி எடுக்கத் தண்ணீரும் நுரையும் வேண்டும். பீரில் இரண்டும் இருக்கிறது. ஒரு வாய் பீருக்குப் பிறகு வருகிற இழுப்பு, முதல் இழுப்பு போலவே இருக்கும். நான் பீரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் உறவு. பீருக்கான பார்லியை என்ன செய்கிறார்கள்? ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுக்கிறார்கள். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்து அரைக்கும்போது வீட்டில் ஒரு மணம் வருமே, அதுவேதான் மால்ட்டின் மணம். லேசாக வறுத்தால் பிஸ்கட், இன்னும் போனால் கருக்கிய சர்க்கரை, இன்னும் போனால் காப்பிக்கொட்டை. புகையிலையும் அதே மாதிரி உலர்த்தி, நொதிக்கவைத்து, தித்திப்பும் கசப்புமாக மாறிய ஒரு பொருள். நல்ல சுருட்டில் வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை), கோகோ, காப்பி, தோல், மிளகு என்றெல்லாம் ருசி தெரிகிறது என்பார்கள். பாதி ருசி பீரிலும் இருக்கிறது. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று தொடங்குகிறது.

ஆனால் எந்த பீரும் எந்தச் சுருட்டுக்கும் ஆகாது. பல வருஷமாக மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, நானும் மஞ்சக்குப்பத்து நண்பன் ஒருவனும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குக் கிடைத்தது இது. அவன் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவான், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது கிடையாது, புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை செக்போஸ்ட் தாண்டிப் பாட்டில் கொண்டுபோவதும் கிடையாது, ராத்திரி எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்வான்.

சாதாரண லாகர், அதாவது எல்லாக் கடையிலும் கிடைக்கிற கிங்ஃபிஷர் மாதிரியானது, கனெக்டிகட் ராப்பர் போட்ட சாதுவான சுருட்டோடு நன்றாகவே போகிறது. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். லேசான மால்ட், லேசான கசப்பு, நிறைய நுரை, சுருட்டின் பால் போன்ற மென்மை அதில் முழுதாகத் தெரிகிறது. காட்டமான சுருட்டைக் கொண்டுவந்தால் லாகர் வெறும் சோடா ஆகிவிடும். நம் நாட்டில் விற்பதில் பெரும்பகுதி ஸ்ட்ராங் பீர்தான், அதை நான் சுருட்டுப் பக்கமே சேர்ப்பதில்லை. எட்டு சதவீதத்துக்குச் சாராய நெடியும் ஒட்டுகிற தித்திப்பும் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. இன்னொன்று, கடைக்காரர் கிரேட்டை வெயிலில் போட்டு வைத்திருந்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் பூவுக்கு வெளிச்சம் ஆகாது, பச்சைப் பாட்டிலாக இருந்தால் இன்னும் மோசம், ஒரு கெட்ட வாடை வந்துவிடும். எனக்குப் பழக்கமான ஒரு கடையில் இரண்டு முறை அப்படி வாங்கி, முழுவதையும் தொட்டியில் கொட்டினேன்.

ஹோகார்டன் மாதிரியான பெல்ஜியக் கோதுமை பீர்தான் எனக்கு நம் ஊருக்கென்றே செய்தது போலத் தெரிகிறது. அதில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். தனியா! முதல் வாயிலேயே எனக்கு ரசம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பாணி பீர் அதே பெயருள்ள பெல்ஜியக் கிராமத்தில் 1950களில் அடியோடு நின்றுபோய், 1960களில் பியர் செலிஸ் என்ற பால்காரர் திரும்ப உயிர் கொடுத்தது. ஜெர்மன் கோதுமை பீர் வேறு வகை, அதில் கொத்தமல்லி இல்லை, வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டும் ஈஸ்ட் கொண்டுவருகிற மணம், யாரும் பழத்தையோ கிராம்பையோ உள்ளே போடுவதில்லை. இந்த இரண்டோடும் மிளகுக் காரம் கொஞ்சம் உள்ள நடுத்தரமான நிகராகுவா சுருட்டு. பக்கத்தில் ஒரு தட்டு நெத்திலி வறுவல். இதற்கு மேல் நான் எதையும் கேட்க மாட்டேன்.

ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ என்ற கசப்பு பீரோடு சேர்த்துப் பார்த்து, ஏழெட்டு முறைக்குப் பிறகு விட்டுவிட்டேன். கசப்பின் மேல் கசப்பு. ஹாப்ஸின் பழவாசனையைப் புகை கொன்றுவிடுகிறது, மிஞ்சுவது வேப்பங்கொழுந்து மென்ற வாய். நண்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, காட்டமான சுருட்டுக்கு ஐபிஏதான் எதிர்த்து நிற்கும் என்பான். எதிர்த்து நிற்கிறது, உண்மை. எனக்குச் சண்டை வேண்டாம், சம்பந்தம் வேண்டும்.

மடூரோவுக்கு ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். இதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஸ்டவுட்டின் கறுப்பு, கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. மடூரோவின் கறுப்பு, இலைப்போரின் சூட்டிலிருந்து. இரண்டும் டிகாக்ஷனும் கோகோவுமாகப் போய் நடுவில் சந்திக்கும் இடத்தில், வாயில் யாரோ பனைவெல்லத்தைக் கரைத்துவிட்டது போல இருக்கும். ஒரே நிபந்தனை, ஸ்டவுட்டை ஐஸ் போல் குடிக்கக் கூடாது. "கூலிங்கா குடு" என்று கேட்டு வாங்கியே பழகிய நமக்கு இது கஷ்டம்தான். லாகரை 5 டிகிரியில் குடிக்கலாம், ஸ்டவுட்டுக்கு 10, 12 வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு மரத்துப்போய் வெறும் கறுப்புத் தண்ணீர்தான். நம் மாடியில் அதற்காக எதுவும் செய்ய வேண்டாம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, சுருட்டின் நுனியை வெட்டி, அடியை நெருப்பில் தொடாமல் காட்டிக் காட்டிப் பதமாகப் பற்றவைத்து முடிப்பதற்குள் அது தானாகவே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். உறையூர்ச் சுருட்டையும் ஸ்டவுட்டோடு பார்த்திருக்கிறோம். முரட்டுச் சுருட்டு, நிதானமாகப் பிடிக்க வேண்டும், மண்வாசனையும் காரமும் தூக்கலாக இருக்கும். ஸ்டவுட் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்து அடக்குகிறது.

கொறிப்பதற்கு மிக்சரோ காரச் சிப்ஸோ வேண்டாம், மிளகாய்ப்பொடி நாக்கைப் பிடித்துக்கொண்டால் சுருட்டு தெரியாது. பண்ருட்டி முந்திரியை நெய்யில்லாமல் வறுத்தது, உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டை, இவ்வளவு போதும். புகையிலை, முந்திரி, மல்லாட்டை மூன்றுமே தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. மூன்றும் நம் தமிழ் மண்ணில் வந்து ஒட்டிக்கொண்டு, ஒரே தட்டில் சந்திப்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து பிடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். பிடிக்காதீர்கள். பக்கத்தில் குழந்தைகளும் வயதானவர்களும் காற்று வாங்க வருகிற இடம் அது. காற்றும் ஆகாது, கடல்காற்று ஒரு பக்கமாக அடித்தால் சுருட்டு அந்தப் பக்கம் மட்டும் எரிந்து படகு போலக் குடைந்துகொண்டு போகும், வேகமாக எரிந்து சூடேறிக் கசக்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேற்குப் பக்கம், கடலுக்கு மறைவாக, காற்று சுற்றிக்கொண்டு மெதுவாக வருகிற இடம் ஒன்று உண்டு. அங்கேதான் எங்கள் இரண்டு நாற்காலியும்.

கியூபா சுருட்டு என்று ஆசைப்பட்டு ஏமாறுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கொஹிபா என்று யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் அது போலி. எனக்கு ஒரு தெரிந்தவர் விற்றார், பிரித்துப் பார்த்தால் உள்ளே முழு இலையே இல்லை, வெட்டுத்தூள். இங்கே வரி அதிகம், மலிவு என்று சொன்னாலே சந்தேகப்பட வேண்டும். நிகராகுவா, டொமினிகன் சுருட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்பது பொய். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சுருட்டு நேரடிக் காரணம், மதுவும் தனியாக ஒரு காரணம், இரண்டும் சேரும்போது வாய்க்கும் தொண்டைக்கும் வருகிற ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. நான் இத்தனை பத்தி புகழ்ந்து எழுதிய அதே ஜோடிதான் அது. எனக்கு இது தெரிந்தே செய்கிறேன். மாதம் இரண்டு, அதற்கு மேல் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைக் காட்டி, ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், வீட்டுக்குள் பற்றவைப்பதில்லை. புகைக்காத ஒருவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிப்பார் என்றால் எனக்கு அது வேண்டாம், அவர் கோதுமை பீரோடு முந்திரியைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

கடைசியாகப் பார்த்த ஜோடியைச் சொல்லி முடிக்கிறேன். பீர், பீர் என்று இத்தனை வருஷம் பேசிவிட்டு, நம் ஊரிலேயே நுரைத்துக்கொண்டு இருக்கிற ஒன்றை நாங்கள் யோசிக்கவே இல்லை. கள். தமிழ்நாட்டில் தடை, புதுச்சேரியில் உரிமம் பெற்ற கடைகள் உண்டு. நல்ல கள் லேசாகப் புளிக்கும், தானாகவே பொங்கும், ஈஸ்ட்டின் மணம் இருக்கும், தித்திப்பும் மிச்சம் இருக்கும், கோதுமை பீர் செய்கிற எல்லா வேலையையும் செய்யும். ஆனால் அது காலைப் பொருள். வெயில் ஏற ஏறப் புளித்துக்கொண்டே போய், சாயங்காலம் சுருட்டு நேரத்துக்குக் காடி மாதிரி ஆகிவிடும். வேறு வழியில்லாமல், தை மாதத்தில் ஒருநாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு பாகூர்ப் பக்கம் போனோம். "ஏண்டா, ஒம்போது மணிக்கு யாராவது சுருட்டு பிடிப்பாங்களா?" என்றான் நண்பன், ஆனாலும் கட்டரை முதலில் எடுத்தது அவன்தான்.

தென்னந்தோப்பு ஓரம், பனி இன்னும் முழுக்க விலகவில்லை, காற்றே இல்லை. சின்னக் கனெக்டிகட் சுருட்டு ஆளுக்கு ஒன்று, நடுவில் சொம்பில் கள். முதல் வாய்க்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கள்ளின் புளிப்பு நாக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது, அடுத்த இழுப்பில் புகை பாலாடை மாதிரி வந்து படிந்தது, அதற்குப் பின்னால் மெதுவாக இளநீர் வழுக்கை மாதிரி ஒரு தித்திப்பு. அவன் தலையை மட்டும் ஆட்டினான். மரத்திலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர், இடுப்பில் பாளைக் கத்தியோடு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கி மூக்கில் வைத்து நீளமாக முகர்ந்து பார்த்தார்.

"நெருப்பு வேணுமா அய்யா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம் தம்பி, ஏற வேண்டிய மரம் இன்னும் நாலு இருக்கு" என்றவர், சுருட்டைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு அடுத்த மரத்தைப் பார்த்து நடந்தார்.